கல் மாதிரி இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் காரா?

"ஸ்போர்ட்ஸ் கார்னா தூக்கிப் போடத்தாங்க செய்யும். சொகுசு வேணும்னா இன்னோவா எடுத்திருக்கலாமே!"

சேலத்தில் கொஞ்சம் வேகமான கார் வாங்கிய எவரும் இந்தப் பதிலைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. விற்றவர் சொல்கிறார், டயர் கடைக்காரர் சொல்கிறார், சர்வீஸ் விட்ட இடத்தில் சொல்கிறார்கள். கடைசியில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஓனரே அதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். வண்டி எவ்வளவு குலுக்குகிறதோ அவ்வளவு ரோட்டில் ஒட்டும். ஒட்டுகிற வண்டி குலுக்கியே தீரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பது ஊரில் முடிவாகிவிட்ட தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு தப்பு. கொஞ்சம் மிகை, கொஞ்சம் சரி என்று சமாதானம் பேசுகிற அளவுத் தப்பில்லை. நம் ரோடுகளைப் பொறுத்தவரை தலைகீழான தப்பு. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற பாதையில் முதுகெலும்பைக் காப்பாற்றுகிற வேலையும் டயரை ரோட்டில் வைத்திருக்கிற வேலையும் முக்கால்வாசி ஒரே வேலைதான்.

அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டினால் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய கோடுகள், ரோட்டு மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ நிற்கும் சாக்கடை மூடிகள், கோரிமேடு வரை விதவிதமான வேகத்தடைகள். அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு என்றால் ரேஸ் டிராக்கில் இருப்பது போல வழவழப்பான வளைவு இல்லை. பாதி திரும்பிக்கொண்டிருக்கும்போது, பாரம் முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்தில் ஏறி நிற்கும் நேரத்தில், சரியாக அந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒரு தார் ஒட்டு வரும். ஒரு காரின் சஸ்பென்ஷன் நல்லதா கெட்டதா என்று அந்த அரை விநாடியில் தெரிந்துவிடும். கல் மாதிரி இருக்கும் கார் அங்கே என்ன செய்கிறது? தத்துகிறது. தத்துகிற டயர் ரோட்டைப் பிடிக்காது. பிடிக்காத டயரை ஸ்டியரிங் என்ன சொல்லித் திருப்ப முடியும்?

இதற்குச் சாட்சி தேடி ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை, நாமக்கல்லுக்குப் போனால் போதும். காலி லாரி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று அங்கே எந்த டிரைவரிடமும் கேளுங்கள். பத்துப் பதினைந்து டன் பாரத்துக்காக அடுக்கிய கமான் பட்டைகள், பாரம் இறங்கியதும் வளைய மறுக்கின்றன. பின் சக்கரங்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கின்றன. பிரேக்கை மிதித்தால் சீக்கிரம் லாக் ஆகிவிடுகின்றன. மழை ஈரத்தில் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு நகர்கிறது. அதே லாரியில் அளவாக லோடு ஏற்றியதும் ஓட்டம் அமைதியாகிவிடுகிறது. பட்டை மாறவில்லை, டயர் மாறவில்லை; சுமக்கிற எடைக்கு ஸ்பிரிங் பொருத்தமாகிவிட்டது, அவ்வளவுதான். கடினம்தான் பிடிப்பு என்றால், நாமக்கல்லில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரிதான் தமிழ்நாட்டிலேயே தலைசிறந்த ஸ்போர்ட்ஸ் வண்டியாக இருந்திருக்க வேண்டும்.

காரணம் எளிது. டயரின் பிடிப்பு அதன் மேல் நிற்கும் எடையைப் பொறுத்தது. ஆனால் எடை இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஆகவே 300 கிலோவும் 300 கிலோவுமாகச் சீராக அழுத்தப்படும் டயர், ஒரு கணம் 500, மறுகணம் 100 என்று அடி வாங்கும் டயரைவிட அதிகம் பிடிக்கும். சராசரி ஒன்றுதான், பலன் வேறு. சஸ்பென்ஷனின் முதல் வேலை இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் குலுக்கல் குறைவது அதோடு சேர்ந்து கிடைப்பது.

உடனே ரேஸ் காரைக் காட்டுவார்கள். ஃபார்முலா ஒன் கார் கட்டை மாதிரி இருக்கிறதே, அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் எதற்காக இறுக்குகிறார்கள் என்பதுதான் இவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காரை ரோட்டோடு அழுத்துவது காற்று. காரின் அடிப்பாகத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர் மாறினாலும் அந்த அழுத்தம் கெட்டுவிடும். அதனால் சக்கரம் அசையவே கூடாது என்று இறுக்குகிறார்கள். 2022-இல் விதி மாறி, அடிப்பாகத்துக் காற்றை நம்பும் கார்கள் திரும்பி வந்தபோது நேர்ரோட்டிலேயே கார்கள் மேலும் கீழும் அடித்துக்கொண்டதையும், ஓட்டியவர்கள் முதுகு வலி என்று புலம்பியதையும், பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ தலையிட்டு அந்த ஆட்டத்துக்கு வரம்பு வைத்ததையும் பந்தயம் பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகத்திலேயே சிறந்த ஓட்டுநர்களுக்கே அது தாங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. 2021 வரை அதே ஃபார்முலா ஒன் கார்கள் 13 அங்குல ரிம்மில், பக்கச்சுவர் தடித்த டயரோடுதான் ஓடின. சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கை அந்த டயர்தான் செய்தது. 13 அங்குல ரிம்மைப் பார்த்து "பாட்டி வண்டி" என்று சிரிக்கும் நம்மூர்ப் பையன்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

நம் ரோட்டுக்கு ஒப்பிட வேண்டிய பந்தயம் ராலி. மண்ரோட்டில் ஓடும் ராலி காரின் சக்கரம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் இளக்கம், பயண தூரம் நீளம், அதைக் கட்டுப்படுத்தும் ஷாக் அப்சார்பர் உயர்தரம். மேடுபள்ளத்தில் வேகமாகப் போக விரும்புகிறவர்கள் இறுக்கவில்லை, இளக்கினார்கள்.

சாலைக் கார்களின் வரலாறும் அதையே சொல்கிறது. காலின் சாப்மன் 1962-இல் கொண்டுவந்த லோட்டஸ் எலான் 700 கிலோகூட இல்லாத கார். அதன் ஸ்பிரிங்குகள் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒப்பிட்டால் வெட்கப்படும் அளவுக்கு மென்மையானவை. உடலை விறைப்பாகச் செய், ஸ்பிரிங்கை இளக்கமாக வை, ஷாக் அப்சார்பரைச் சரியாக அமை என்பது அவர் வழி. வளைவில் திரும்புவதற்கு இன்றுவரை அந்தக் காரை உதாரணம் காட்டுகிறார்கள். எண்ணெயும் வாயுவும் தாங்கி மிதந்து ஓடிய சிட்ரோயனின் ஐடி 1959-இல் மான்டி கார்லோ ராலியை வென்றது. 2011-இல் வந்த மெக்லாரன் 12சி, வளைவில் உடல் சாய்வதைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரையே தூக்கி எறிந்துவிட்டு, ஷாக் அப்சார்பர்களை ஒன்றோடொன்று எண்ணெய்க் குழாயால் இணைத்தது. சூப்பர் கார் என்றால் முதுகு போகும் என்ற பேச்சு அதற்குப் பிறகு அவ்வளவு எளிதில் எடுபடவில்லை. 2017-இன் ஆல்பைன் ஏ110 இன்னும் எளிய வழியில் போனது: சுமார் 1,100 கிலோ எடை, இளகிய ஸ்பிரிங், கடைசி சில சென்டிமீட்டருக்கு மட்டும் எண்ணெயில் வேலை செய்யும் தடுப்பு. எலக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர் எதுவும் அதில் இல்லை.

கோயம்புத்தூர் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. டாடா மோட்டார்ஸும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்ற சின்ன ராக்கெட்டை விற்பனைக்கு விட்டார்கள். ஜெயம் பந்தயத்திலேயே ஊறிய நிறுவனம். காரை எப்படி இறக்குவது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டர்போ இன்ஜின் போட்டார்கள், சஸ்பென்ஷனை மறுபடி டியூன் செய்தார்கள். காரை எவ்வளவு தாழ்த்தினார்கள் தெரியுமா? 4 மில்லிமீட்டர். டயர் 185/60 ஆர்15. அதாவது பக்கச்சுவர் உயரம் 111 மில்லிமீட்டர். பந்தயக்காரர்கள் 4 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டதை, ஸ்பிரிங்கை வெட்டக் கிரைண்டர் வைத்திருக்கும் கடைகள் 40 மில்லிமீட்டர் ஆக்குகின்றன.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். வெறும் இளக்கம் விடையாகாது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஓட்டிய தலைமுறைக்கு இது தெரியும். நான்கு சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் அந்தக் காலத்து இந்தியாவில் அதிசயம். ஆனால் பின்பக்கத்து ஸ்விங் ஆக்சில், வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரத்தைக் காருக்கு அடியில் மடக்கிக்கொள்ளும். அதன் வாரிசாக எழுபதுகளில் வந்த கஸல் அந்த அமைப்பையே கைவிட்டு, ஒரே தண்டான ஆக்சிலுக்குத் திரும்பிவிட்டது. ஆகவே சக்கரம் எந்தக் கோணத்தில் அசைகிறது, உடல் எவ்வளவு சாய்கிறது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் எவ்வளவு சீக்கிரம் மூக்கு திரும்புகிறது என்பதெல்லாம் கணக்கில் உண்டு. மேட்டில் ஏறி இறங்கியதும் படகு மாதிரி மூன்று தடவை ஆடுகிற காரை நான் சொகுசு என்று சொல்ல மாட்டேன். பின் சீட்டுக் குழந்தைக்கு வாந்தி வரவைக்கும் கார் அது. ஆனால் அந்த ஆட்டத்தை அடக்க வேண்டியது ஷாக் அப்சார்பர். ஊரில் அதற்கு ஸ்பிரிங்கைத் தண்டிக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. காரின் எடையால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், அந்தக் கார் விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட நினைக்கும் என்று கிடைக்கும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு ஒரு முறை; 11 என்றால் ஒன்றரை; 6-ஐ ஒட்டி வந்தால் இரண்டு. குடும்பக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே இருக்கும். நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை. மனித உடம்பு, உட்கார்ந்த நிலையில், மேலும் கீழுமான அதிர்வை மோசமாக உணர்வது விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை. அப்படியென்றால் ஒழுங்காக அமைத்த ஸ்போர்ட்ஸ் கார் அந்த எல்லைக்குள் நுழையவே தேவையில்லை. பிறகு ஏன் முதுகு வலிக்கிறது?

ஷாக் அப்சார்பரை அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்பிரிங் அசையாது. ஸ்பிரிங் அசையாவிட்டால் காரில் மிச்சம் இருக்கும் ஒரே ஸ்பிரிங் டயர்தான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ, டயர் மில்லிமீட்டருக்கு 20 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் விநாடிக்கு 4 முறை ஆடும். உடம்புக்கு ஆகாத எல்லையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியாகிவிட்டது. அதுமட்டுமில்லாமல் இந்த ஆட்டத்தை அடக்க ஆளும் இல்லை, ஏனென்றால் அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பரைத்தான் நாம் பூட்டிவிட்டோம். ஆன்லைனில் வாங்கிய காயில்ஓவர் செட்டின் திருகை "ஃபுல் ஹார்ட்" வரை திருகிவிட்டு ஏற்காடு ஏறுகிறவர் பண்ணுவது இதைத்தான்.

ஸ்பிரிங்கை வெட்டுவது இன்னும் கொடுமை. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி எடுத்து, கிரைண்டரால் ஒன்றரைச் சுற்றை நறுக்குகிறார்கள். தீப்பொறி அடங்கியதும் அரை மணியில் வேலை முடிந்துவிடும். காயில் ஸ்பிரிங்கின் கடினம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றரை போனால் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கடினமாகிறது. கம்பெனியில் தட்டையாக முடித்துவிட்ட முனை போய், கூரான வெட்டுமுனை ரப்பர் இருக்கையில் குத்தி உட்காருகிறது. இதைவிடப் பெரிய விஷயம், சக்கரம் மேலே போக 80 மில்லிமீட்டர் இடம் இருந்த இடத்தில் காரை 40 இறக்கினால் மிச்சம் 40தான். ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப், உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த நுரை ரப்பர் துண்டு, கடைசி நேரக் காப்புக்காக வைத்தது. இறக்கிய காரில் அது தினசரி ஸ்பிரிங்காகிவிடுகிறது. வேகத்தடையில் "டொக்" என்று கேட்பது அதுதான். வளைவில் நடப்பது அதைவிட ஆபத்து: ஏற்கெனவே அமுங்கி நிற்கும் வெளிப்பக்கம் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டதும் அந்த மூலையின் கடினம் ஒரே கணத்தில் பல மடங்காகி, டயர் வழுக்குகிறது. "நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு, திடீர்னு விட்டுருச்சுண்ணா" என்று சொல்கிறார்களே, அந்தத் திடீர் இதுதான்.

இனி டயர். ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடித்த டயரைச் செய்ததே தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுக்காமல் ஓடத்தான். சொகுசுக்காகப் பிறந்த பொருள், அடுத்த ஆண்டே சைக்கிள் பந்தயங்களை வெல்ல ஆரம்பித்தது. சொகுசும் வேகமும் எதிரிகள் என்கிறவர்களுக்கு நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. இன்று நாம் அந்தக் காற்றைத்தான் முதலில் வெளியேற்றுகிறோம். 185/60 ஆர்15-ஐக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 போட்டால் பக்கச்சுவர் 111-லிருந்து 92 மில்லிமீட்டராகக் குறைகிறது. போன 19 மில்லிமீட்டரும் காற்றுதான். அந்த இடத்தில் அலாய் வந்து உட்காருகிறது. பெரும்பாலும் எடையும் கூடுகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் ஷாக் அப்சார்பருக்கு அதை அடக்குவது கடினம். சக்கரம் இன்னும் அதிகம் தத்தும். ரிம் வளைந்து, பக்கச்சுவரில் கொப்புளம் கிளம்பி, டயர் கடை வாசலில் நிற்கும் கார்களைப் பாருங்கள், முக்கால்வாசி இந்த ரகம். பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் இன்னொரு வில்லன்: காற்றில்லாமலே காரைத் தாங்க வேண்டும் என்று பக்கச்சுவரை விறைப்பாக்கியிருக்கிறார்கள். செகண்ட்ஹேண்டில் ஜெர்மன் கார் எடுத்தவர் "சஸ்பென்ஷன் போச்சு" என்று தேடி வந்தால் நான் முதலில் குனிந்து பார்ப்பது டயரில் ரன்-ஃபிளாட் முத்திரை இருக்கிறதா என்றுதான். சாதாரண டயருக்கு மாறலாம். ஆனால் அந்தக் கார்களில் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, அதற்கு ஒரு வழி செய்துகொண்டு மாற வேண்டும்.

காற்று அளவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 33 என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தாலும், பெட்ரோல் பங்கில் "நாற்பது வெச்சுட்டேங்க, ஹைவேல ஜம்முனு போகும்" என்பார்கள். 33-ஐ 40 ஆக்கினால் டயரின் கடினம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். ரோட்டைத் தொடும் பரப்பு குறையும். காசு கொடுத்து வாங்கிய ஷாக் அப்சார்பரின் வேலையை ஓசிக் காற்று கெடுத்துவிடும். நம்மூர் வெயிலில் ஓடிச் சூடான டயரில் அளவு தானாகவே நாலைந்து ஏறியிருக்கும் என்பதால், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்த்த அளவுதான் அளவு.

இன்னொரு வாதம் நேர்மையானது: கோளாறு காரில் இல்லை, ரோட்டில். ஒப்புக்கொள்கிறேன். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-ஆவது வழிகாட்டி 1988-இலேயே வேகத்தடைக்கு 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று கணக்கு கொடுத்தது. 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டப்படும் சிமென்ட் மேடு அகலத்தில் முழங்கை நீளம்தான். உயரத்தில் மட்டும் குறைச்சல் இல்லை. அதைத் திருத்தச் சொல்லி மனு போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ரோடு இப்படி என்று தெரிந்தும் சக்கரத்தின் பயணத்தைப் பாதியாக்கும் காரியத்துக்கு ரோட்டைக் குறை சொல்ல முடியாது.

உண்மையில் இந்த வாதமெல்லாம் எதை மறைக்கிறது என்று எனக்குத் தெரியும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி அசிங்கமாக இருக்கிறது. கார் தரையோடு ஒட்டி நின்றால் அழகாக இருக்கிறது. இது ரசனை. ரசனைக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நகைக்கடை முன்னால் நிறுத்துவதற்காக இறக்கினேன் என்று சொன்னால் அதோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அதை "ஹேண்ட்லிங்" என்று சொல்லி, புதிதாகக் கார் வாங்கும் பையனின் தலையில் கட்டும்போதுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அப்படி வாங்கிய பையன் ஒருவன் வந்து கேட்டால் நான் சொல்வது இதுதான். முதலில் காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கு, காசு செலவில்லை. அடுத்து, காருக்கு அடியில் படுத்துப் பார்: லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருக்கும், லிங்க் ராட் ஆடும், ஷாக்கில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருக்கும், ஐந்தாறு வருஷம் ஓடிய காரின் "ஸ்போர்ட்டி" குலுக்கலில் பாதி வெறும் தேய்மானம். பிறகு டயர்: கம்பெனி அனுமதிக்கும் அளவுகளில் சின்ன ரிம், உயர்ந்த பக்கச்சுவர், நல்ல ரப்பர். இத்தனைக்கும் பிறகு இன்னும் ஆட்டம் இருந்தால் நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு வாங்கு. ஸ்பிரிங் கம்பெனி போட்டதே இருக்கட்டும். ஆயிரத்தில் ஒருவர் அதற்கு மேலும் போக விரும்பினால், எடை போட்டு, ஒவ்வொரு மூலைக்கும் கணக்குப் போட்டு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஆள் கோயம்புத்தூரில் கிடைப்பார். கிரைண்டர் வைத்திருக்கும் கடைக்கு அவர் அனுப்ப மாட்டார்.